"சர்வீஸ் செய்த" பழைய ஃபிலிம் கேமரா வாங்கப் போகிறீர்களா? பின்கதவைத் திறந்து பாருங்கள்

சென்னையில் பழைய கேமரா விற்கும் ஒரு கடையில் பென்டாக்ஸ் கே1000 வாங்கினேன். விலை 11,000 ரூபாய். அதில் 2,000 "ஃபுல் சர்வீஸ் பண்ணி, புது ஃபோம் ஒட்டினதுக்கு" என்றார் கடைக்காரர். ஃபோம் என்பது பின்கதவின் ஓரத்தில் வெளிச்சம் புகாமல் தடுக்கும் பஞ்சுப் பட்டை. பில்லிலும் எழுதிக் கொடுத்தார். வெளியே பளபளவென்று இருந்தது, வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள்ளும் ஆடியது.

தாத்தாவின் சதாபிஷேகத்தை அதில்தான் எடுத்தேன். லேபில் ஃபிலிமைக் கழுவியவர் நெகட்டிவை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துக் காட்டினார். முற்றத்து வெயிலில் 1/1000 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் ஒரு பக்கம் எதுவும் பதியாமல் வெறுமையாகக் கிடந்தது. பிரிண்ட் போட்டால் அந்த இடம் கன்னங்கரேல். கலச நீர் ஊற்றும் படத்தில் தாத்தா பாதிதான் இருக்கிறார், பாட்டி இல்லவே இல்லை. அந்தச் சடங்கை இன்னொரு முறை நடத்தவா முடியும்?

இந்த கேமராவின் ஷட்டரில் இரண்டு துணித் திரைகள் பக்கவாட்டில் ஓடும், அவற்றின் இடைவெளி வழியாகத்தான் ஃபிலிமில் வெளிச்சம் படும். உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டால் முதல் திரை மந்தமாகும். பின்னால் வரும் திரை அதைப் பிடித்துவிடும், இடைவெளி பாதி வழியிலேயே மூடிக்கொள்ளும். வேகம் குறைவாக வைத்தால் இது தெரியாது. மண்டபத்துக்குள் 1/60-ல் எடுத்தவை அதனால்தான் முழுதாக வந்தன. ஆனால் அவற்றிலும் ஓரத்துத் துளைகள் வரை வெளிச்சம் கசிந்த கோடுகள். பின்கதவு பொருந்தும் பள்ளத்தை நகத்தால் தொட்டுப் பார்த்தேன். தார் மாதிரி ஒட்டியது. புது ஃபோம் என்றது சுத்தப் பொய்.

கடையில் போய்க் கேட்டால், "பழைய கேமரான்னா அப்படித்தான் தம்பி இருக்கும்" என்கிறார். அப்படி இல்லை. 1976 முதல் 1997 வரை வந்த மாடல் இது. பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான். ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கும் பல்சக்கரமும். சுத்தம் செய்து எண்ணெய் விட்டு, திரைகளின் இழுவையைச் சரிசெய்தால் நன்றாகவே ஓடும். அந்த வேலையைத்தான் அவர் செய்யவில்லை, செய்ததாகக் காசு மட்டும் வாங்கிக்கொண்டார்.

இந்த மாதிரி கேமரா வாங்கும்போது ஃபிலிம் போடாமல் லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, வெளிச்சமான சுவரைப் பார்த்தபடி 1/1000-ல் அழுத்துங்கள். ஃபிலிம் இருக்கும் செவ்வகத் திறப்பு முழுக்க மின்ன வேண்டும். ஒரு ஓரம் இருட்டாக இருந்தால் வாங்காதீர்கள். பல முறை செய்து பாருங்கள், காய்ந்த ஷட்டர் சில நேரம் சரியாகவும் ஓடிவிடும். அப்புறம் லென்ஸின் துவாரத்தை முழுதாகத் திறந்து பின்னாலிருந்து மொபைல் டார்ச் அடியுங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. நம் கடலோரக் காற்றுக்கு அது சீக்கிரமே வந்துவிடும்.

சர்வீஸ் செய்ததைப் பில்லில் கட்டாயம் எழுதி வாங்குங்கள். என்னிடம் அது இருப்பதால்தான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுக்க முடிந்தது. பணம் இன்னும் வரவில்லை, விடுவதாகவும் இல்லை.