பள்ளி விட்ட பிறகு மூன்றரை மணி நேரம்: பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்த அனுபவம்

கும்பகோணத்தில் குடியிருந்துகொண்டு தஞ்சாவூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். பள்ளி மூன்றே முக்காலுக்கு விட்டுவிடும். ஐந்தே முக்காலுக்கு அலுவலகத்திலிருந்து கிளம்பினாலும், ஐயம்பேட்டை, பாபநாசம் என்று நின்று நின்று வரும் பேருந்தில் வீடு சேரும்போது ஏழேகால் ஆகிவிடும். முகூர்த்த நாள் என்றால் அதற்கும் மேல். கணவருக்குத் திருச்சியில் வேலை. பிள்ளைகளின் அப்பாயி ஊரில் மாட்டை விட்டு வர மாட்டார். அம்மாச்சிக்கு மாடிப்படி ஏற முடியாது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-இல் சட்டம் திருத்தப்பட்டது. எங்கள் அலுவலகத்தில் மொத்தமே பதினொரு பேர். ஆகவே 2022 ஜூனில், மகள் இரண்டாம் வகுப்பிலும் மகன் யுகேஜியிலும் இருந்தபோது, மாலைக்கு மட்டும் ஓர் ஆளைத் தேடத் தொடங்கினேன்.

முதலில் வைத்தது படித்த இளம்பெண் ஒருவரை. வீட்டுப்பாடம் சொல்லித் தருவாரா, ஆங்கிலம் பேசுவாரா என்றெல்லாம் கேட்டுத்தான் வைத்தேன். ஐந்தாவது மாதம் ஒரு நாள் மகனின் நெற்றியில் நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்திருந்தது. கேட்டதற்கு, பள்ளியிலிருந்து வரும்போதே அப்படித்தான் இருந்தது என்றார். இரவு படுக்கையில் மகள்தான், தம்பி கட்டிலிலிருந்து விழுந்ததையும், அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று பார்த்துக்கொள்ள வந்த அக்கா சொன்னதையும் சொன்னாள். கீழே விழாத பிள்ளை எந்த வீட்டிலும் கிடையாது. விழுந்ததை மறைத்ததோடு, மறைக்கும்படி என் மகளுக்கும் சொல்லிக்கொடுத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த மாதச் சம்பளத்தை முழுதாகக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

தெருமுனையில் பூ விற்பவர் மூலம் இரண்டாவது ஆள் வந்தார். நாச்சியார்கோவில் பக்கம் ஒரு கிராமம், ஐம்பது வயதை ஒட்டியவர், பிள்ளைகள் இன்று பெரியம்மா என்று கூப்பிடுபவர். வந்து உட்கார்ந்ததும், "நடவு, அறுப்பு நாள்ல வர மாட்டேன். ஏழே முக்கால் பஸ்ஸை விட்டா எனக்கு ஒன்பதுக்குத்தான். இதுக்கு ஒத்து வந்தா மேல பேசலாம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அடுத்து அவர் கேட்ட கேள்விகளில் ஒன்றைக்கூட முதல் பெண் கேட்டதில்லை என்பதும், நானாகச் சொன்னதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. தம்பிக்கு எது சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது, காய்ச்சல் வந்தால் எந்த டாக்டர், பள்ளி வாசலில் வேறு யாராவது வந்து அழைத்தால் அனுப்பலாமா, யாரை அனுப்பலாம் என்று வரிசையாகக் கேட்டார். இரண்டு நாள் விடுப்பும் மூன்று நாள் பர்மிஷனும் போட்டுக் கூடவே இருந்து பார்த்துவிட்டு, 2022 நவம்பரில் மாதம் 3,500 ரூபாய்க்கு அமர்த்தினேன்.

அடுப்பு பற்ற வைக்கக் கூடாது என்பது நான் போட்ட முதல் நிபந்தனை. 2004 ஜூலை 16-ஆம் தேதி பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த ஊர் இது. அடுப்பையும் பிள்ளைகளையும் ஒரே இடத்தில் நினைத்தாலே எங்களுக்கு வயிறு கலங்கும். பாலை ஃபிளாஸ்கிலும் சுண்டலை ஹாட்பாக்ஸிலும் காலையிலேயே வைத்துவிட்டுப் போவேன். இன்றுவரை எங்கள் வீட்டில் மாலையில் எரிவாயு உருளையின் வால்வு மூடியே இருக்கும்.

அவருக்கு எழுத வராது. அதனால் அவரே ஒரு வழி செய்தார். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில், அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதி, குளிர்பதனப் பெட்டியின் மேல் வைத்துவிட வேண்டும். நான் வந்து செருப்பைக் கழற்றியதும் எடுப்பது அந்தத் தாளைத்தான். "தம்பி பால் பாதி. மூக்கு ஒழுகுது. சுண்டல் வேண்டாம்னான். பெரியம்மா முறுக்கு குடுத்துச்சு. நான் ஸ்கேல் ஒடச்சேன்." எழுத்துப் பிழையோடு இப்படி நூற்றுக்கணக்கான தாள்கள் கிளிப்பில் சேர்ந்திருக்கின்றன.

2023 ஆடிப்பெருக்கு வியாழக்கிழமை வந்தது. அன்றைய தாளில், "ஆத்துக்குப் போனோம். தம்பி ரெண்டு படி எறங்கினான். பெரியம்மா கையப் புடிச்சிருந்துச்சு" என்று இருந்தது. ஆற்றில் தண்ணீர் ஓடும் நேரம், அவ்வளவு கூட்டத்தில், என்னைக் கேட்காமல் பகவத் படித்துறைக்கு அழைத்துப் போயிருக்கிறார். மறுநாள் கடுமையாகவே பேசினேன். "நல்ல நாளாச்சேன்னு போனேன். இனிமே கேட்டுக்கிறேன்" என்றார். கோபம் தணிந்த பிறகுதான் யோசித்தேன்: எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. வேலையை விட்டு நிறுத்தக்கூடிய தவறையும் தானே சொல்லி எழுத வைத்தவரை, அந்தத் தவறுக்காக நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

சம்பள விஷயத்தில் தவறு என்னுடையது. நடவுக்குப் போன நாள்களுக்கு முதல் ஆண்டு சம்பளத்தைப் பிடித்தேன். அதன் பலன், காலையில் நடவு முடித்துவிட்டு, நகக்கண்ணில் சேறு போகாமல், மாலையில் இங்கேயும் வரத் தொடங்கினார். ஒரு நாள் நான் வரும்போது சுவரில் சாய்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கதவைத் திறந்தார்கள். களைத்துப் போன ஆளிடம் பிள்ளைகளை விடுவதை விட, அன்றைக்கு அவர் வராமல் இருப்பதே நல்லது என்று எனக்குப் பட்டது. ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளத்தோடு விடுப்பு, இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும், அந்த நாள்களில் எதிர்வீட்டு அத்தையிடம் பிள்ளைகள் இருப்பார்கள் என்று பேசி முடித்தோம். மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-இல் திறந்தால் குறுவை நடவுக்கு ஆள் கேட்டு வருவார்கள். 2024-இல் அணையே ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்ததால் அந்த ஜூனிலும் ஜூலையிலும் அவர் ஏறக்குறைய விடுப்பே எடுக்கவில்லை. டெல்டாவில் மாலைக்கு ஆள் வைக்க நினைப்பவர்கள் பள்ளி நாட்காட்டியோடு மேட்டூர்ச் செய்தியையும் பார்த்துக்கொள்வது நல்லது!

மழை விடுமுறையை நாங்கள் முதலில் பேசாமல் விட்டது இன்னொரு சிக்கல். ஐப்பசி, கார்த்திகையில் காலை ஆறரைக்கு மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பு வரும். பள்ளிக்குத்தான் விடுமுறை, எனக்கில்லை. இப்போது அப்படி முழுநாள் வந்தால் தனியாக 300 ரூபாய். மாதச் சம்பளம் 5,000 ஆகியிருக்கிறது. தீபாவளிக்குப் புடவையும் ஒரு மாதச் சம்பளமும் உண்டு.

குறைகள் இல்லாமல் இல்லை. ஆறரைக்குச் சீரியல் ஓடியே ஆக வேண்டும். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பையனுக்கு இன்னும் ஊட்டிவிடுகிறார். வீட்டுப்பாடம் அவரால் ஆகாது. அதற்கு வாரம் மூன்று நாள் டியூஷன், தனிச் செலவு. நான் ஏழரை தாண்டி வரும் நாள்களில் அவர் பேருந்தைத் தவறவிட்டு ஆட்டோவில் போகும் காசையும் நான்தான் கொடுக்கிறேன்.

பெரியம்மா, தன் மகளுக்குப் பிரசவம் என்பதால் வருகிற தையில் நாற்பது நாள் வர முடியாது என்று இப்போதே சொல்லியிருக்கிறார். பாதிச் சம்பளம் தருகிறேன் என்றேன். அதை எதிர்வீட்டு அத்தைக்குக் கொடுத்துவிடுங்கள் என்கிறார். அத்தையோ பணம் வாங்க மாட்டேன் என்கிறார். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.