தக்காளியா கீரையா, மாடியா கொல்லையா: எதில் காசு மிஞ்சும்?

மாடித்தோட்டம் போட்டால் காய்கறிச் செலவு பாதியாகிவிடும் என்று யாராவது சொன்னால், கணக்கு நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். நான் காட்டத் தயார். பால் கணக்கு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில் மூன்று வருடமாகச் செடி வைக்கும் பை வாங்கியது, உரம் வாங்கியது, என்ன பறித்தேன், அன்றைக்குக் கடையில் என்ன விலை என்று எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறேன். முதல் வருடம் 3,050 ரூபாய் போட்டு 1,150 ரூபாய்க்குக் காய் எடுத்தேன். 1,900 நட்டம். இரண்டாவது வருடம் கையைக் கடிக்கவில்லை, அவ்வளவுதான். மூன்றாவது வருடம் நாலாயிரத்துச் சொச்சம் மிஞ்சியது. மூன்று வருடமும் அதே மாடி, அதே மதுரை வெயில், தண்ணீர் ஊற்றியதும் நானேதான். நட்டது மட்டும் வேறு.

ஒப்பிட்டுப் பார்க்க அக்காவின் கொல்லை இருக்கிறது. திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம், வீட்டுக்குப் பின்னால் நாலு சென்ட் நிலம். அக்கா கணக்கெல்லாம் எழுதுவதில்லை. "காய் வாங்கக் கடைக்குப் போறதே இல்லடா, இதுல என்ன கணக்கு?" என்பார். பாதி உண்மை. வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட் எல்லாம் அங்கேயும் கடையில்தான்.

முதலில் தக்காளி, ஏனென்றால் எல்லோரும் தக்காளியில்தான் ஆரம்பிக்கிறோம். நானும் முப்பது பையில் பதினெட்டைத் தக்காளிக்குக் கொடுத்தேன். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டி, அரசே பண்ணைப் பசுமைக் கடைகளிலும் ரேஷன் கடைகளிலும் 60 ரூபாய்க்கு விற்றதே, அந்தச் சூட்டில் எடுத்த முடிவு. பதினெட்டுச் செடியில் ஒரு பட்டத்துக்கு 21 கிலோ வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது வந்தது தை, மாசியில். அப்போது தள்ளுவண்டியில் கிலோ 25 ரூபாய், சில நாள் 15. மொத்தம் ஐந்நூறு ரூபாய்த் தக்காளிக்கு நான் ஆயிரத்து எண்ணூறுக்குமேல் செலவழித்திருந்தேன்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. பகல் 38, 40 டிகிரியைத் தொட்டு ராத்திரியும் புழுங்கினால் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடும். கடையில் விலை ஏறுவதும் பெரும்பாலும் இந்த மாதிரிக் காரணத்தால்தான், வெயில் அடித்தாலோ மழை கெடுத்தாலோ மதனப்பள்ளி, கோலார் பக்கம் வரத்துக் குறைகிறது, ஒட்டன்சத்திரம் மொத்தச் சந்தையில் விலை ஏறுகிறது, நம் தெருவுக்கு வரும்போது இன்னும் ஏறுகிறது. ஆனால் அங்கே அடித்த வெயில் நம் மாடியை மட்டும் விட்டுவிடுமா? மாடி தரையைவிடச் சூடு. விலை ஏறிய மாதத்தில் என் செடிகளில் பூ மட்டும் இருந்தது, காய் இல்லை. என் செடி காய்த்துத் தள்ளிய மாதத்தில் ஊரெல்லாம் காய்த்துத் தள்ளியது. அப்புறம் அணில் வேறு. பச்சையாக இருக்கும்வரை திரும்பிப் பார்க்காது, லேசாக மஞ்சள் ஏறி, நாளைக் காலை பறிக்கலாம் என்று நாம் நினைக்கிற அன்று சாயங்காலம் சரியாக ஒரு கடி கடித்துவிட்டுப் போகும். முழுசாகத் தின்றால்கூட மனசு ஆறும்.

கீரையை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் கட்டு 20 ரூபாய், விலை இறங்கினால் 15. நாலு பேர் வீட்டில் வாரம் மூன்று கட்டு ஆகும். சிறுகீரை விதைத்த இருபத்தைந்தாம் நாள் பிடுங்கலாம். அரைக்கீரை என்றால் வேரோடு பிடுங்காமல் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும், பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தரம் நறுக்கலாம். வேர் அரை அடிக்குமேல் போகாததால் ஆழமான தொட்டியும் வேண்டாம். மீன் கடையில் தூக்கிப் போடுகிற தெர்மோகோல் பெட்டி போதும், அடியில் நாலு ஓட்டை, கொஞ்சம் மண், கொஞ்சம் தொழு உரம். விதையை மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக முளைக்காது. விதைத்த அன்றே சுற்றி மஞ்சள்தூளோ சாம்பலோ தூவுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் எறும்பு விதையை வரிசையாகத் தூக்கிக்கொண்டு போவதை நின்று வேடிக்கை பார்க்கலாம். நான் பார்த்திருக்கிறேன்.

ஆறு பெட்டியை வாரம் விட்டு வாரம் மாற்றி விதைத்ததில், கத்திரி வெயிலும் ஐப்பசி அடைமழையும் போக வருடத்தில் நாற்பது வாரம் எங்கள் வீட்டுக் கீரை. வாரம் மூன்று கட்டு, கட்டு 20 ரூபாய் என்றால் 2,400 ரூபாய். செலவு விதைக்கும் உரத்துக்கும் சேர்த்து முந்நூறைத் தாண்டவில்லை. தக்காளிக்கும் கீரைக்கும் நடுவில் இப்படி ஒரு பள்ளம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. காரணம் யோசித்தால் எளிது: கீரை வாடும், அதனால் வியாபாரி நட்டத்தையும் சேர்த்து விலை வைக்கிறார். வாடுகிற பொருள், கொஞ்சம் கொஞ்சமாகத் தேவைப்படுகிற பொருள், இவைதான் வீட்டில் வளர்க்க லாபம். புதினாவும் அப்படித்தான். கட்டாக வாங்கினால் பாதி கறுத்துத் தூரப் போகும், அந்தத் தண்டையே ஊன்றினால் அரை நிழலில் வருடக்கணக்காக வரும்.

கறிவேப்பிலைக் கணக்கு மட்டும் எனக்கு இன்னும் தகராறு. காய் வாங்கினால் கொசுறாக வருகிற பொருளுக்கு நோட்டில் என்ன விலை போடுவது? இப்போது சில கடைகளில் கொசுறு கேட்டால் முறைக்கிறார்கள், ஐந்து ரூபாய் என்கிறார்கள். சரி, ஐந்து ரூபாய் என்றே போட்டிருக்கிறேன். பெரிய டிரம்மில் ஒரு செடி வைத்தால் போதும், முதல் வருடம் ஆசைப்பட்டு மொட்டை அடிக்காமல் விடுங்கள். புளித்த மோர் ஊற்றினால் தழைக்கும் என்று அம்மா சொல்வார், ஊற்றுகிறேன், தழைக்கிறது, மோரால்தானா என்று கேட்காதீர்கள்.

மற்ற காய்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மிளகாய் ரெண்டு செடி போதும், இலை சுருட்டிக்கொண்டால் வேப்பெண்ணெய், அதற்கும் அடங்காவிட்டால் பிடுங்கிப் போட்டுவிட வேண்டியதுதான். கத்திரி நான் நினைத்ததைவிட நல்ல பிள்ளை: ஒரு தரம் காய்த்து ஓய்ந்ததும் அரை அடி விட்டு மேலே வெட்டிக் கவாத்து செய்தால் மறுபடி துளிர்த்துக் காய்க்கிறது, நாலு செடியில் வருடத்துக்குப் பன்னிரண்டு கிலோ எடுத்தேன். வெண்டை ஏமாற்று வேலை. ஐந்து செடி வைத்தால் இன்றைக்கு மூன்று காய், நாளைக்கு ரெண்டு, பொரியலுக்குச் சேர்வதற்குள் முதலில் பறித்தது முற்றிவிடும். பத்துப் பன்னிரண்டு செடி வைக்க இடம் இருந்தால் மட்டும் இறங்குங்கள். பீர்க்கு நன்றாக வரும், ஆனால் பூ சாயங்காலம்தான் விரியும். தேனீ குறைவான மாடியில் ஆறு மணிக்கு மேல் நாமே ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவில் தடவிவிட வேண்டும். காலையில் போய்த் தேடிவிட்டு, பூவே விரிய மாட்டேன் என்கிறது என்று ஒரு மாதம் புலம்பியது நான்தான். கேரட், வெங்காயம், முட்டைக்கோஸ் எல்லாம் ஆசைக்கு வைக்கலாம், காசுக்கு வேண்டாம்.

எதில் நடுவது என்பதில்தான் முதல் வருடக் காசு கரைகிறது. புதுப் பை ஒன்று 35 ரூபாய், வெயிலில் ரெண்டு வருடம், கவனமாக வைத்தால் மூன்று வருடம். தென்னை நார்க்கழிவுக் கட்டி எடை குறைவு, ஈரம் பிடிக்கும், ஆனால் அதில் சத்து கிடையாது, உரம் எல்லாம் நாம்தான் போட வேண்டும், உப்பு போக ரெண்டு மூன்று தண்ணீரில் அலசவும் வேண்டும். நான் அலசாமல் போட்ட பைகளில் நாற்று நுனி கருகியது. பெயிண்ட் வாளி, அதுவும் இருபது லிட்டர் வாளி, பழைய இரும்புக் கடையில் பைக்கான விலையிலேயே கிடைக்கும், ஐந்து வருடம் அசையாது. அரிசிச் சாக்கு இலவசம்தான், ஆறே மாதத்தில் வெயிலில் பொடிப்பொடியாக உதிர்ந்து மண்ணோடு கலந்துவிடும், அதைப் பொறுக்குவதற்குப் பை வாங்கியிருக்கலாம். அரசு தருகிற மாடித்தோட்டத் தளை, அதாவது பை, விதை, உரம் எல்லாம் சேர்ந்த தொகுப்பு, கிடைத்தால் விடாதீர்கள்: தோட்டக்கலைத் துறை 2021 கடைசியில் 900 ரூபாய் பெறுமானத் தளையை 225 ரூபாய்க்குக் கொடுக்க ஆரம்பித்தது, ஆறு பை, நார்க் கட்டிகள், ஆறு வகை விதை, உயிர் உரம் என்று இருந்தது. விலையும் உள்ளே இருப்பதும் திட்டத்துக்குத் திட்டம் மாறும், உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். அப்படி ஒரு தளையில் ஆரம்பித்திருந்தால் என் முதல் வருட நட்டம் பாதிதான் இருந்திருக்கும்.

இனி மாடியும் கொல்லையும். இங்கே எனக்கும் அக்காவுக்கும் போட்டியே இல்லை, அக்கா ஜெயித்துவிட்டார். மண் காசில்லை, பை காசில்லை, பாத்திரம் கழுவிய தண்ணீர் வாய்க்காலாக ஓடி வாழையடிக்குப் போகிறது. மூன்று வாழை, ஒரு முருங்கை, ரெண்டு பப்பாளி. வாழையில் ஒரு வருடத்தில் தார், அதற்கு முன்னாலேயே இலை, பூ, வெட்டியபின் தண்டு. பப்பாளியில் மட்டும் அக்கா ஒரு தப்புச் செய்தார், தின்ற பழத்தின் விதையை அப்படியே போட்டதில் நாலில் ரெண்டு ஆண் மரமாகப் போய் எட்டு மாதம் இடத்தை அடைத்துக்கொண்டது. பூ வந்ததும்தான் தெரியும், தெரிந்ததும் வெட்டியாயிற்று. இருபாலினச் செடி தருகிற ரகமாகப் பார்த்து வாங்கியிருந்தால் இந்த வம்பு இல்லை.

முருங்கை தனிக் கதை. பெரியகுளத்தில் வெளியிட்ட பிகேஎம் 1 ரகம் விதை போட்ட ஆறே மாதத்தில் காய்க்கும், போத்து, அதாவது வெட்டிய கிளை, ஊன்றிக் காத்திருக்க வேண்டாம். ஆனால் தக்காளிக் கதைதான் இங்கேயும்: மார்கழியில் ஒரு காய் பத்து, பதினைந்து என்று விற்கும்போது நம் மரம் சும்மா நிற்கும், பங்குனி சித்திரையில் கொத்துக் கொத்தாகத் தொங்கும், அப்போது ஊரில் யாரும் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். அக்கா பேருந்தில் சாக்கு கட்டி எனக்கு அனுப்புவது அந்த மாதத்தில்தான். லாபம் காயில் இல்லை, வருடம் முழுக்க உருவுகிற கீரையில். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடை அடையாக அப்பிக்கொள்ளும், குழந்தைகள் இருக்கிற வீட்டில் சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

மாடிக்கு இருக்கிற இன்னொரு செலவைப் பலரும் எழுதுவதில்லை. நனைந்த பெரிய பை ஒன்று இருபது கிலோ வரும். முப்பது பை என்றால் அறுநூறு கிலோ. பைக்கு அடியில் ஈரம் நிற்க நிற்கத் மாடித் தரையில் பதித்த தட்டோட்டு இடுக்கில் இறங்கி, கீழ் வீட்டு உத்தரத்தில் ஓதம் காட்டும். பைகளைச் சுவர் ஓரமாக, தூண் இருக்கிற பக்கமாக, செங்கல் மேலோ இரும்புத் தாங்கி மேலோ வையுங்கள். தண்ணீரும் காசுதான். கோடையில் ரெண்டு வேளை ஊற்றினால் முப்பது பைக்கு நாளொன்றுக்கு எண்பது, தொண்ணூறு லிட்டர். லாரித் தண்ணீர் வாங்குகிற தெருவில் இருந்தால் சித்திரை, வைகாசி ரெண்டு மாதமும் கறிவேப்பிலையையும் புதினாவையும் மட்டும் காப்பாற்றிக்கொண்டு மற்றதைக் காயவிடுவதே உத்தமம். ஆடியில் மறுபடி ஆரம்பிக்கலாம்.

கடைசியாக ஒரு போட்டியாளரைச் சொல்லாவிட்டால் இந்த அலசல் நேர்மையாக இருக்காது: உழவர் சந்தை. 1999இல் முதல் சந்தை ஆரம்பித்ததே எங்கள் ஊரில்தான், மதுரை அண்ணா நகரில். மொத்த விலைக்கு மேல் 20 சதவீதம், வெளிக் கடை விலைக்குக் கீழ் 15 சதவீதம் என்ற கணக்கில் விலைப்பலகை எழுதி வைப்பார்கள். வாரம் 500 ரூபாய்க்குக் காய் வாங்குகிற வீடு அங்கே போனால் வாரம் எழுபது, எண்பது ரூபாய் மிஞ்சும், வருடத்துக்கு அதுவும் நாலாயிரம்தான். ஒரு பை மண்ணைக்கூடத் தூக்காமல். விடிகாலையில் எழுந்து போகிற பழக்கம் இருக்கிறவர்கள் தக்காளி, கத்திரி, கிழங்கு எல்லாவற்றையும் அங்கே வாங்கிவிட்டு, மாடியில் ஆறு பெட்டிக் கீரை, ஒரு டிரம் கறிவேப்பிலை, ஒரு தொட்டிப் புதினா, ரெண்டு மிளகாய் என்று நிறுத்திக்கொண்டால் ரெண்டு பக்கத்து லாபமும் கிடைக்கும். நான் இப்போது செய்வது அதைத்தான், கூடவே நாலு கத்திரி, பிடித்துப்போனதால்.

ரெண்டு தக்காளிச் செடியும் இருக்கிறது. அதை நோட்டில் எழுதுவதில்லை.

வீட்டு உரிமையாளர் முதலில் மாடி ஒழுகும் என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கட்டு அரைக்கீரை கீழே இறங்குகிறது. அதைச் செலவுக் கணக்கில் எழுதுவதா, வாடகைக் கணக்கில் எழுதுவதா என்றுதான் இன்னும் முடிவுக்கு வரவில்லை.