பூங்கா கைமாறினால் இரும்பு பிழைக்கும், மரம் பிழைக்காது

கேளிக்கைப் பூங்கா ஒன்று கைமாறினால் அங்குள்ள ரோலர் கோஸ்டர்கள் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், ஓஹையோ மாநிலத்து அரோராவில் இருந்த ஜியாகா லேக் பூங்காவைத்தான் சொல்வேன். ஆண்டுதோறும் சீசன் பாஸ் வாங்கி அங்கே ஏறி இறங்கியவன் நான்.

1995இல் அதை பிரீமியர் பார்க்ஸ் வாங்கியது. மூன்றே ஆண்டுகளில் அந்த நிறுவனம் பல பூங்காக்களை நடத்திய சிக்ஸ் ஃபிளாக்ஸையும் வாங்கிவிட, 2000இல் பூங்காவின் பெயர் ‘சிக்ஸ் ஃபிளாக்ஸ் ஓஹையோ’ ஆனது. அந்த ஒரே ஆண்டில் நான்கு புதிய கோஸ்டர்கள்! அவற்றில் ‘பேட்மேன் நைட் ஃபிளைட்’ என் உயிர். தரையில்லாத வகை அது. எல்லோரும் அமர்ந்து பூட்டியதும் காலடித் தளம் கீழே இறங்கி விலகும். கால்கள் அந்தரத்தில் தொங்க, வண்டி நகரும். 135 அடி உயர வளையத்தில் தலைகீழாகச் சுழன்று, ஏரிக்கரையை ஒட்டிப் பாயும்போது வரும் சிலிர்ப்பு வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

கடன் சுமையில் இருந்த சிக்ஸ் ஃபிளாக்ஸ், 2004இல் பூங்காவை 14.5 கோடி டாலருக்கு சீடர் ஃபேர் என்ற இன்னொரு பூங்கா நிறுவனத்திடம் விற்றது. காமிக்ஸ் நாயகர்களின் உரிமம் அதோடு போய்விட்டதால் பேட்மேன் ‘டாமினேட்டர்’ ஆனது, சூப்பர்மேன் பெயரில் இருந்த கோஸ்டர் ‘ஸ்டீல் வெனம்’ ஆனது. பெயர் மாறியதில் எனக்கு வருத்தமில்லை. தண்டவாளமும் வேகமும் அப்படியே இருந்தன. வலித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். 2006 சீசன் முடிந்ததும் எக்ஸ்-ஃபிளைட் என்ற கோஸ்டரும் ஸ்டீல் வெனமும் கழற்றப்பட்டன. 2007 செப்டம்பரில், சீசன் முடிந்த சில நாட்களில், நீர்ப்பூங்காவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் மூடப்படும் என்று அறிவித்தார்கள். அதே மாநிலத்தில் சீடர் பாயிண்ட் என்ற பெரும் பூங்காவை வைத்திருந்த நிறுவனத்துக்கு இது இரண்டாந்தரமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

எஃகுக் கோஸ்டரின் தண்டவாளம் துண்டு துண்டாக போல்ட்டால் இணைக்கப்பட்டது. கழற்றி லாரியில் ஏற்றி, வேறு ஊரில் பூட்டிக்கொள்ளலாம். அதனால் டாமினேட்டர் வர்ஜீனியாவின் கிங்ஸ் டொமினியன் பூங்காவுக்கும், தண்டர்ஹாக் என்ற இன்னொரு கோஸ்டர் மிச்சிகனுக்கும் போயின. மரக் கோஸ்டருக்கு அந்தக் கொடுப்பினை அநேகமாக இல்லை. அந்த நிலத்திலேயே பலகை பலகையாக அறுத்து அடித்துக் கட்டியது அது. ஜான் மில்லர் வடிவமைத்து 1925இல் திறக்கப்பட்ட ‘பிக் டிப்பர்’ ஏலத்தில் வெறும் 5,000 டாலருக்குப் போனது. வாங்கியும் பயனில்லை. ஆண்டுக்கணக்கில் செடிகொடி மண்டிக் கிடந்து, 2016இல் இடித்துத் தள்ளப்பட்டது. எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ஒன்றுக்கு இந்தக் கதியா என்று இன்றும் மனம் ஆறவில்லை.

டாமினேட்டரில் வர்ஜீனியாவிலும் ஏறிவிட்டேன். பக்கத்தில் ஏரி இல்லை. ஆனால் ஓட்டம் இன்னமும் வழுவழுப்புதான். முன்வரிசைக்குக் காத்திருந்தே ஏறுங்கள்.

2024 ஜூலையில் சீடர் ஃபேரும் சிக்ஸ் ஃபிளாக்ஸும் ஒன்றாக இணைந்துவிட்டன. அந்த ஆண்டு முடிவதற்குள் நியூ ஜெர்சியில் இருந்த 456 அடி உயரக் கோஸ்டர் ‘கிங்டா கா’வுக்கு மூடுவிழா நடந்துவிட்டது. கிங்ஸ் டொமினியனில் 1975 முதல் ஓடும் மரக் கோஸ்டர் ‘ரேசர் 75’ இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் டாமினேட்டருக்கு முன்னால் அதில் ஏறிவிடுங்கள்.