கைக்கடிகாரத்துக்குத் தகவல்: வானொலி வழியா, கைபேசி வழியா?

வானிலை, பங்கு விலை, விளையாட்டு முடிவுகள் ஆகியவற்றைக் கைபேசியின் துணையின்றிக் கைக்கடிகாரத்தில் காட்டும் 'எம்எஸ்என் டைரக்ட்' சேவையை மைக்ரோசாஃப்ட் 2004-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கியது. அதைச் சுமந்து சென்றவை வழக்கமான பண்பலை வானொலி நிலையங்களே. ஸ்டீரியோ ஒலிபரப்பில் பாட்டும் பேச்சும் 53 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுகின்றன. அதற்கு மேலுள்ள இடத்தில், 67.65 கிலோஹெர்ட்ஸில், ஒரு துணை அலையை ஏற்றி, நொடிக்குச் சுமார் 12 கிலோபிட் வேகத்தில் தரவை அனுப்பினார்கள். பாட்டுக் கேட்பவரின் காதுக்கு அது எட்டாது. பட்டையில் ஆன்டெனா பொதிந்த கடிகாரம் மட்டும் அதைப் பிரித்தெடுத்துக்கொள்ளும்.

இன்றைய ஸ்மார்ட்வாட்ச் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் புளூடூத் மூலம் கைபேசியோடு பேசுகிறது. வந்த செய்திக்கு மணிக்கட்டிலிருந்தே பதில் அனுப்பலாம். வானொலிக் கடிகாரத்தில் அது நடக்காது. ஒருவருக்கான தனிச்செய்தியைக்கூட ஊர் முழுவதற்கும் ஒலிபரப்பியாக வேண்டும். உரிய கடிகாரம் தன் அடையாள எண்ணைக் கொண்டு அதை இனங்கண்டுகொள்ளும். செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரிய வழியில்லை என்பதால், திரும்பத் திரும்ப அனுப்பத்தான் வேண்டும். என் பார்வையில் இந்த முறையின் உண்மையான பலவீனம் இதுதான். வேகக் குறைவு இரண்டாம்பட்சம். சேவை 2012 தொடக்கத்தோடு நின்றுபோனது.

ஆனால் எல்லோருக்கும் பொதுவான தகவல் என்று வரும்போது கணக்கு தலைகீழாகிறது. ஆயிரம் கடிகாரங்கள் கேட்டாலும் பத்து லட்சம் கடிகாரங்கள் கேட்டாலும் நிலையத்துக்கு ஒரே ஒலிபரப்புதான். கடிகாரம் எதையும் திருப்பி அனுப்புவதில்லை. எனவே அணிந்திருப்பவர் எங்கே இருக்கிறார் என்பதும் யாருக்கும் தெரிவதில்லை. இந்தக் கண்ணியத்தை நாம் மிக எளிதாக இழந்துவிட்டோம் என்றே கருதுகிறேன்.

நேரத்தைச் சொல்லும் நீள் அலை நிலையங்கள் நிலைத்திருப்பதற்கும் இதுவே காரணம். ஜெர்மனியின் டிசிஎஃப்77 நிலையம் 77.5 கிலோஹெர்ட்ஸில் நொடிக்கு ஒரே ஒரு பிட் அனுப்புகிறது. மணி, நிமிடம், தேதி எல்லாம் சேர ஒரு நிமிடம் ஆகும். ஆயினும் சுமார் 2,000 கிலோமீட்டர் வரை எட்டும் அந்தக் குறிப்பை, இரவில் சில நிமிடங்கள் மட்டும் விழித்துக் கேட்டு, சாதாரண பேட்டரிக் கடிகாரமும் நேரத்தைத் திருத்திக்கொள்கிறது.

பேரிடர் எச்சரிக்கைக்குக் கைபேசி வலையமைப்புகளே இந்த ஒருவழி முறையைக் கையாள்கின்றன. எண்ணைத் தேடி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்பாமல், கோபுரம் தன் எல்லைக்குள் இருக்கும் அத்தனை கருவிகளுக்கும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பிவிடுகிறது. நெரிசலில் அழைப்புகள் தடைபடும் நேரத்திலும் எச்சரிக்கை போய்ச் சேர்வது அதனால்தான்.