கிளைக்கால் புதுசு, கடமுடா பழசு

நண்பர் ஒருவர் போன வாரம் ஒரு படம் அனுப்பினார். அவர் வீட்டு சோலார் சுடுதண்ணீர் அமைப்பின் பிரஷர் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. "ஆளைக் கூப்பிட்டால் யானை விலை சொல்கிறான். கிளைக்காலை நாமே நிரப்பிவிடலாமா?" என்று கேட்டிருந்தார். கிளைக்கால் என்பது குளிரில் உறையாத திரவம்; கூரைக்கும் தண்ணீர் டாங்குக்கும் இடையே குழாயில் சுற்றிச் சுற்றி ஓடி, வெயிலின் சூட்டைக் கீழே கொண்டுவருவது அதுதான். ஒரு வார்த்தையில் பதில் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை.

நாங்கள் இருப்பது ஃப்ரைபுர்க் பக்கம். ஜெர்மனியிலேயே வெயிலுக்குப் பேர்போன மூலை. ஆனாலும் ஜனவரி இரவுகளில் மைனஸ் பத்துக்கு இறங்கிவிடும். கிளைக்கால் இல்லாமல் வெறும் தண்ணீரைக் கூரைக்கு ஏற்றினால், அது உறைந்து குழாய் வெடிக்கும். பதினோரு வருஷத்துக்கு முன் வீட்டை வாங்கும்போதே கூரையில் வெயிலை வாங்கிச் சூடாகும் இரண்டு தட்டைப் பெட்டிகளும் (கலெக்டர் என்பார்கள்), கீழே 300 லிட்டர் டாங்கும் இருந்தன. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மே மாதம் தொடங்கி செப்டம்பர் நடு வரைக்கும் பாய்லரை அணைத்தே வைக்கிறேன். நான்கு பேர் குளித்து முடித்த பிறகும் தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் வருகிறது. அந்த வகையில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

குறை எல்லாம் அந்தச் சுற்றுக்குள் ஓடும் திரவத்தில்தான். இரண்டு வருஷத்துக்கு முன் பிரஷர் இறங்கியபோது ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டேன். ஆள் வந்தது ஜூன் மாதம், காலை பதினோரு மணி, சுட்டெரிக்கும் வெயில். கலெக்டரை மூடவும் இல்லை, நிழல் வரும்வரை காத்திருக்கவும் இல்லை. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த கதைதான்: உள்ளே போன திரவம் ஆவியாகி, முள் மேலும் கீழும் ஆடியது. அவர் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு 340 யூரோ பில் எழுதிக் கொடுத்துப் போனார். ஒரே வாரத்தில் பிரஷர் 0.4 பார். அதோடு தினமும் காலை ஒன்பதரைக்கு, வெயில் ஏறி பம்ப் ஓடத் தொடங்கியதும், சுவருக்குள் கடமுடா என்று ஒரு சத்தம். "குழாய்க்கு அஜீரணம், ஓமத்தண்ணி ஊத்துங்க" என்றாள் என் மனைவி.

அவரை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. பழைய திரவத்தை இறக்கிப் பார்த்தபோது மூன்றாம் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது, கருகிய வெல்லப்பாகு வாசனை வேறு. சோதனைத் தாளில் பிஎச் 6.5 காட்டியது, புதுத் திரவம் 8-க்கு மேல் இருக்கும்; அதாவது அமிலமாக மாறிவிட்டது. அதைக் கருக்கியது நாங்கள்தான். ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஐந்து வாரம் மதுரைக்குப் போய்விடுகிறோம். இங்கே வெந்நீர் எடுக்க ஆள் இல்லை. டாங்க் முழுக்கச் சூடாகிவிட்டால் பம்ப் நின்றுவிடும். கூரையில் கலெக்டர் மட்டும் 180 டிகிரிக்கு மேல் வெந்துகொண்டிருக்கும், அதற்குள் இருக்கும் கிளைக்காலும்தான். இரவில் டாங்கின் சூட்டைக் கலெக்டர் வழியாகவே வெளியே விடும் விடுமுறை வசதி கன்ட்ரோலரில் இருக்கிறது என்று ஒன்பதாம் வருஷம்தான் கையேட்டில் படித்தேன். அதுவும் அச்சானது எறும்பு எழுத்தில்!

அப்புறம் நானே இறங்கினேன். கலந்தே வரும், மைனஸ் 28 டிகிரி வரை தாங்கும் புரோப்பிலீன் வகைக் கிளைக்கால், 25 லிட்டர் கேன் வாங்கினேன். அதில் தண்ணீர் சேர்க்கக் கூடாது, பழையதோடும் கலக்கக் கூடாது. கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் வகையை நினைத்தும் பார்க்காதீர்கள், அது விஷம். எத்தனை டிகிரி வரை உறையாது என்று சோதிக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில் இந்த இரண்டு வகைக்கும் தனித்தனி அளவுகோல் உண்டு. எத்திலீன் பக்கத்தைப் படித்துவிட்டு நான் அரைமணி நேரம் வீணாகப் பதறினேன்.

முதலில் விரிவு டாங்கைப் பார்த்தேன், சுற்றில் பிரஷர் இல்லாதபோது. திரவம் சூடாகி விரியும்போது அதற்கு இடம் கொடுக்கும் சின்ன டாங்க் அது; உள்ளே ஒரு ஜவ்வு, அதற்கு ஒரு பக்கம் திரவம், மறு பக்கம் காற்று. சைக்கிள் டியூபில் இருப்பது போன்ற ஒரு வால்வு அதில் இருக்கும். அதை அழுத்தித் திரவம் வந்தால் உள்ளே ஜவ்வு கிழிந்துவிட்டது என்று அர்த்தம். எனக்குக் காற்றுதான் வந்தது, ஆனால் வெறும் 0.3 பார். கலெக்டர் எட்டு மீட்டர் உயரத்தில் இருக்கிறது; மீட்டருக்கு 0.1 பார், அதற்கு மேல் கொஞ்சம் என்று கணக்குப் போட்டு 1.5 வரை அடித்தேன். சைக்கிள் பம்பிலேயே அடித்தேன், தோள்பட்டை கழன்றுவிட்டது. வந்த ஆள் இதைத் தொட்டே பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் நிரப்பும் பம்ப் வண்டியை இரவல் வாங்கி, விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கினேன். ஒரு குழாயில் தள்ளி, மறு குழாயில் கேனுக்கே திரும்ப விட்டு, அரை மணி நேரம் சுற்றவிட்டேன். கண்ணாடிக் குழாயில் சோடா மாதிரி நுரைத்தது மெல்ல மெல்ல அடங்கியது. பிரஷர் 1.8-இல் மூடினேன். வெற்றி என்று காபி குடித்தேன். ஒன்பதரைக்குக் கடமுடா.

காரணத்தைச் சொன்னவர் அந்தப் பெரியவர். சுற்றின் பம்ப் இருக்கும் பெட்டியில் வெப்பமானி பதித்த இரண்டு திருகுகள் இருக்கும். அவற்றுக்குள் ஒருவழி வால்வு ஒளிந்திருக்கிறது. நிரப்பும்போது திருகை 45 டிகிரி திருப்பி வைத்தால்தான் அது திறந்து நிற்கும், இல்லையென்றால் அங்கே காற்று தங்கிவிடும். பம்ப் ஓடும்போது கடமுடா என்றது அந்தக் காற்றுதான். நாற்பத்தைந்து டிகிரி! இதற்காக ஒரு வருஷம் சத்தம் கேட்டிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை மறுபடி அதே கூத்து, இம்முறை திருகைத் திருப்பி வைத்து. மூன்று வாரம் வீடு அமைதியாக இருந்தது. பிரஷரும் இன்றுவரை நிற்கிறது. ஆனால் பளிச்சென்று வெயில் அடிக்கும் சில காலைகளில் ஒரே ஒரு குமிழி இன்னும் மேலே ஏறி இறங்குகிறது. வாரம் ஒரு முறை காற்று பிரிப்பானைத் திறந்து விடுகிறேன். புஸ் என்று ஒரு சொட்டு, அவ்வளவுதான்.

இப்போது நண்பருக்குப் பதில். புதிதாகப் போடுவதாக இருந்தால் இது வேண்டாம், வெயிலில் மின்சாரம் தரும் பேனல் போட்டு டாங்கில் ஹீட்டர் கம்பியை இறக்கிவிடுங்கள். வயருக்குள் காற்று புகாது. இந்த கலெக்டர்களைக் கழற்றி எறிய வேண்டும் என்று நானே மாதம் ஒரு தடவை சொல்கிறேன், பெரும்பாலும் நன்றாகக் குளித்துவிட்டு வந்து. ஏற்கெனவே இருப்பதால் நீங்களே நிரப்பலாம். பெரியவரின் பம்ப் வண்டி இன்னும் என் காரேஜில்தான் நிற்கிறது. ஞாயிறு காலை ஐந்து மணிக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கு மேல் வந்தால் தரமாட்டேன்.