500 சிப் போக்கர் பெட்டி: ஆட்டம் முடிந்தபின்னும் நட்பு மிஞ்சுமா?

போக்கர் சீட்டாட்டத்தில் காசுக்குப் பதிலாகப் பந்தயம் வைக்கும் வட்டத் துண்டுதான் சிப். போக்கர் சிப் செட்டுக்கு மதிப்புரை என்றாலே எடை எவ்வளவு, சத்தம் எப்படி, பெட்டி பளபளக்கிறதா என்றுதான் எழுதுகிறார்கள். எனக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். நண்பர்கள் கூடி வீட்டில் ஆடும் ஆட்டத்தில் ஒரு செட் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: யார் எவ்வளவு போட்டார், கடைசியில் யாருக்கு எவ்வளவு வர வேண்டும் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லாமல் செய்வது. அந்தக் கணக்கில்தான் இந்தப் பெட்டிக்கு மார்க் போடப்போகிறேன்.

பெயரைச் சொல்லிப் பயனில்லை, இதே அச்சில் வார்த்த செட் பல பெயர்களில் வருகிறது. அலுமினியப் பெட்டி, 39 மில்லிமீட்டர் அகலத்தில் 500 சிப், இரண்டு சீட்டுக்கட்டு, சீட்டுப் போடும் முறை யாருடையது என்று காட்டும் ஒரு டீலர் வில்லை, எதற்கென்றே தெரியாத ஐந்து பகடை. சிப் ஒவ்வொன்றும் 11.5 கிராம், உள்ளே ஒரு இரும்புத் தகடு வைத்துப் பிளாஸ்டிக்கால் மூடியிருக்கிறார்கள். அட்டையில் ‘காசினோ எடை’ என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். காசினோக்களில் புழங்கும் களிமண் சிப் பெரும்பாலும் 10 கிராமைத் தாண்டாது. கனம் அதிகம் என்பதால் தரம் அதிகம் என்று ஆகிவிடாது.

இந்தச் செட்டில் எனக்கு மிகப் பிடித்தது, சிப் மேல் எண் எதுவும் அச்சிடவில்லை என்பது. முதலில் பார்க்கும்போது குறை மாதிரித்தான் தெரியும். ஆனால் எண் போட்ட செட்டில் 100, 500 என்று எழுதியிருக்கும்போது சில்லறைக்கு ஆடும் கூட்டம் என்ன செய்யும்? ‘இந்த நூறு நிஜத்தில் ஒன்று, இந்த ஐந்நூறு நிஜத்தில் ஐந்து’ என்று மனசுக்குள் வகுத்துக்கொண்டே ஆட வேண்டும், இரண்டு மணி நேரம் கழித்து ஒருவர் மறந்துவிடுவார், அங்கேதான் தகராறு. எண் இல்லாத சிப்பில் வெள்ளை என்பது உங்கள் கூட்டத்துக்கு எது சின்னக் காசோ அதுதான். சிவப்பு அதைப்போல் ஐந்து, பச்சை இருபத்தைந்து, கறுப்பு நூறு. இதைத் தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். டோர்னமென்ட் மட்டுமே ஆடுகிறவர்களுக்கு எண் போட்டதே வசதி, அங்கே சிப் காசாக மாறுவதில்லை.

சரி, பந்தயத் தொகையை எப்படி வைப்பது? ‘எல்லாருக்கும் ஓகேவா?’ என்று மேஜையில் சத்தமாகக் கேட்டால் எல்லாரும் ஓகே என்றுதான் சொல்வார்கள். கை இறுக்கத்தில் இருப்பவர் நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டார். ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, இன்றைக்கு மொத்தமாகத் தோற்றாலும் நாளைக்கு நினைவுக்கே வராத தொகை எது என்று பெயர் போடாமல் எழுதச் சொல்லுங்கள். அதில் மிகக் குறைவான தொகை எதுவோ அதுதான் ஒருவர் அன்றைக்கு இழக்கக்கூடிய உச்சம். சராசரி எடுக்கக் கூடாது. சராசரி எடுத்தால் குறைவாக எழுதியவர் பயந்து பயந்து சீட்டை மடித்துக்கொண்டே, அதாவது சுற்றுக்குச் சுற்று விலகிக்கொண்டே இருப்பார், நிறைய எழுதியவர் காசை வைத்தே எல்லாரையும் விரட்டுவார். அது ஆட்டமே இல்லை.

தொகை ரொம்பக் குறைந்தால் யாரும் மடிக்க மாட்டார்கள், எல்லாரும் கடைசிச் சீட்டு வரை ‘கால்’ சொல்லி அடுத்தவர் பந்தயத்துக்கு ஈடு வைத்துக்கொண்டே வருவார்கள், மோசமான சீட்டை வைத்துக்கொண்டு மிரட்டும் பிளஃப் செத்துப்போகும் என்று ஒரு வாதம் உண்டு. அது உண்மைதான். ஆனால் அதற்கு மருந்து தொகையைக் கூட்டுவது அல்ல, மறுபடி சிப் வாங்குவதற்கு வரம்பு வைப்பது. ஆளுக்கு முதல் வாங்கல் ஒன்று, மறுவாங்கல் ஒன்று, அவ்வளவுதான் என்று முன்பே பேசிவிட்டால் ஒரு வெள்ளைச் சிப்புக்குக்கூட மதிப்பு வந்துவிடும். துண்டுத்தாளில் வந்த தொகையை இரண்டாகப் பிரித்துப் பாதியை ஒரு வாங்கலாக வையுங்கள், அப்போது யாரும் எழுதியதற்கு மேல் இழக்க வழியே இல்லை.

இப்போது செட்டின் கணக்குக்கு வருவோம், ஏனென்றால் பல செட்டுகள் கோட்டை விடுவது இங்கேதான். பெட்டியில் வெள்ளை 150, சிவப்பு 150, பச்சை 100, கறுப்பு 50, நீலம் 50. வெள்ளையை 1 என்று வைத்தால் பிளைண்ட் (சீட்டுப் போடும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை) 1-2, ஒரு வாங்கல் 200, அதாவது பெரிய பிளைண்டைப்போல் நூறு மடங்கு. ஆளுக்கு 10 வெள்ளை, 18 சிவப்பு, 4 பச்சை கொடுத்தால் சரியாக 200. எட்டுப் பேருக்கு 80 வெள்ளை, 144 சிவப்பு, 32 பச்சை போகும். மறுவாங்கலுக்குப் பச்சையும் கறுப்பும் தாராளமாக மிஞ்சும், ஆனால் சிவப்பு ஆறே ஆறுதான். ஒன்பதாவது ஆள் வந்தால் சிவப்பைக் குறைத்துப் பச்சையைக் கூட்டித்தான் கொடுக்க வேண்டியிருக்கும், சில்லறை மாற்றவே பாதி நேரம் போய்விடும். கறுப்பைப் பாதியாக்கி அந்த இடத்தில் சிவப்பைச் சேர்த்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. இப்படிப் பிரித்தவர் எட்டுப் பேரை உட்காரவைத்து ஒரு ராத்திரிகூட ஆடிப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது.

நீலத்தை நான் ஆட்டத்தில் விடுவதே இல்லை. யார் 200-க்குச் சிப் வாங்கினாலும், முதல் வாங்கலோ மறுவாங்கலோ, காசு பணப்பெட்டிக்குள் விழும்போதே ஒரு நீலச் சிப்பும் கூடவே விழும். கடைசியில் பணப்பெட்டியில் 11 நீலம் இருந்தால் உள்ளே 2200 இருக்க வேண்டும், மேஜையில் உள்ள சிப்பெல்லாம் கூட்டினாலும் 2200 வர வேண்டும். வரவில்லையா, யாரும் யாரையும் முறைக்காமல் மேஜைக்கு அடியில் தேடலாம். ‘நீ இரண்டு தடவை வாங்கினாய்’, ‘இல்லை ஒரு தடவைதான்’ என்ற பேச்சு இதோடு ஒழியும். கடனுக்குச் சிப் கிடையாது என்பதும் இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது: காசு விழாமல் நீலம் விழாது, நீலம் விழாமல் சிப் வராது.

குறைகளைச் சொல்ல வேண்டும். சிப்பின் மேல்பரப்பு வழவழ என்று இருக்கிறது. இருபது அடுக்கினால் மேலே உள்ள நாலைந்து மெல்ல நழுவிப் பக்கத்து ஆளின் குவியலில் போய்ப் படுத்துக்கொள்ளும். நேர்மையான ஆட்கள் மத்தியிலேயே இது சங்கடம். கெட்டித் துணி ஒன்றை மேஜையில் விரித்துவிட்டால் பாதி சரியாகும். நடுவில் ஒட்டியிருக்கும் வட்ட ஸ்டிக்கரின் ஓரம் நகத்தில் தட்டுப்படுகிறது, சும்மா இருக்க முடியாமல் சுரண்டுகிற ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். அப்புறம் நீலமும் கறுப்பும் மஞ்சள் விளக்கில் ஒன்றுபோலவே தெரிகின்றன, நீலத்தை ஒதுக்கிவைக்க அது இன்னொரு காரணம்.

சீட்டுக்கட்டு சுத்த வீண். காகிதத்தில் மெல்லிய பூச்சு, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் குலுக்கினாலே மூலை மடங்குகிறது. ரம்மியில் மூலை மடங்கினால் எரிச்சல், போக்கரில் மடங்கியது இஸ்பேட் ஆசாக இருந்தால் அது நட்புக்கே உலை. எல்லாருக்கும் அந்த மடிப்பு தெரியும், ஆனால் ‘என் சீட்டு தெரிந்துதானே நீ ஆட்டத்தை விட்டாய்’ என்று ஒருவர் கேட்கும் நிமிடம் அந்த ராத்திரி முடிந்தது. முழுப் பிளாஸ்டிக் சீட்டுக்கட்டு இரண்டு, பின்புற நிறம் வேறு வேறாக, தனியாக வாங்கிவிடுங்கள். ஒன்றில் ஆட்டம் நடக்கும்போது எதிரே இருப்பவர் இன்னொன்றைக் குலுக்கிக்கொண்டிருக்கலாம், அவசரம் இருக்காது. 52 சீட்டு நன்றாகக் கலைய, கட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று கோத்து ஏழு தடவை குலுக்க வேண்டும் என்று பேயர், டயகோனிஸ் என்ற இரண்டு கணித வல்லுநர்கள் 1992-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். வீடுகளில் நடப்பது இரண்டு குலுக்கு, ஒரு வெட்டு. அப்புறம் ‘இவனுக்கு மட்டும் எப்படி ஜோடி ஜோடியாக வருகிறது’ என்று பெருமூச்சு.

டீலர் வில்லை வெறும் பிளாஸ்டிக்தான், ஆனால் எதிர்பாராத ஒரு வேலைக்கு உதவுகிறது. ஒருவரிடம் 40 சிப்தான், மற்ற இருவரிடம் தலா 100, மூவரும் ஆல் இன், அதாவது இருக்கிற சிப் அத்தனையையும் பந்தயம் வைத்துவிட்டார்கள் என்று வையுங்கள். புதியவர் தன் சீட்டு ஜெயித்ததும் நடுவில் உள்ள 240-ஐயும் அள்ளக் கை நீட்டுவார். அவர் கெட்டவர் இல்லை, யாரும் சொல்லித்தரவில்லை. மூவரிடமும் 40 எடுத்து 120-ஆக ஒரு குவியல் வைத்து அதன் மேல் டீலர் வில்லையை வைத்துவிடுங்கள், மிச்சமுள்ள 120 மற்ற இருவருக்குள் மட்டும். சீட்டைத் திறப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். திறந்தபின் விளக்கம் சொன்னால் அது விதியாகத் தெரியாது, சதியாகத்தான் தெரியும்.

மேஜையில் முன்னால் இருப்பதை மட்டும்தான் பந்தயம் வைக்கலாம், ஒரு சுற்று நடக்கும்போது பையிலிருந்து எடுத்துச் சேர்க்கவும் கூடாது, ஜெயித்ததை எடுத்துப் பைக்குள் போடவும் கூடாது. ஆட்டம் முடியும் நேரத்தை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால், ஜெயித்தவர் சீக்கிரம் கிளம்பினார் என்று யாரும் முணுமுணுக்க வேண்டியதில்லை. தோற்றவர் ‘இன்னும் ஒரே ஒரு ரவுண்டு’ என்று கெஞ்சவும் வேண்டாம். வீட்டுக்காரர் கமிஷன் எடுக்கவே கூடாது. பல இடங்களில் காசு வைத்து ஆடுவதற்கே சட்டத் தடை உண்டு, கமிஷன் எடுத்தால் அது இன்னும் பெரிய விவகாரம். உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைப் பொறுத்தவரை, சிப் மட்டுமே ஐந்தே முக்கால் கிலோ, கைப்பிடி அந்தக் கனத்துக்குச் செய்ததாகத் தெரியவில்லை. அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். ஆனால் உள்ளே வரிசைக்கு 50 என்று பள்ளம் வெட்டியிருக்கிறார்கள், ஒரு சிப் குறைந்தாலும் இடைவெளி பல்லிளிக்கும். நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் எண்ணுகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

ஆறு முதல் எட்டுப் பேர் கூடுகிற வீட்டுக்கு வாங்கலாம். ஐந்துக்கு நாலு கொடுப்பேன், குறைத்த ஒன்று சீட்டுக்கட்டுக்கும் சிவப்புச் சிப் பற்றாக்குறைக்கும். வாங்கும்போதே சிவப்பு மட்டும் 50 உதிரியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் அடுத்த வார்ப்பில் சிவப்பின் சாயல் மாறி வரும், ஒரே மேஜையில் இரண்டு சிவப்பு என்றால் அதற்கு வேறு தனியாக ஒரு பஞ்சாயத்து நடத்த வேண்டும்.