எம்பயர் ஸ்டேட்டா, ராக்கஃபெல்லரா? பெருமந்தக் காலத்து இரண்டு பார்வைமாடங்கள்

நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் மேலே ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் ஊரைப் பார்க்கத்தான் ஏறுகிறார்கள். அது மட்டும் போதுமென்றால் அதைவிட நல்ல இடம், ராக்கஃபெல்லர் சென்டர், பதினைந்து தெரு வடக்கே இருக்கிறது. ஆனால் 1930-களின் பெருமந்தத்தில், அதாவது உலகப் பொருளாதாரமே சரிந்து கிடந்த காலத்தில், ஒரு வானளாவி எப்படி எழுந்தது, எழுந்த பிறகு எப்படித் தாக்குப்பிடித்தது என்று தெரிந்துகொள்ள விரும்பினால் இந்த டிக்கெட்டுக்குக் கொடுக்கும் காசு வீணில்லை. 1931 மே 1-ல் கட்டடம் திறந்தபோது கால்வாசி இடம்தான் வாடகைக்குப் போயிருந்தது. பெரிய ரயில் நிலையம் எதுவும் வாசலருகே இல்லை, அலுவலகங்கள் கூடும் பகுதியும் தள்ளி இருந்தது. முதல் வருடம் பார்வைமாடத்தில் வசூலான பணம் அலுவலக வாடகைக்குக் கிட்டத்தட்ட ஈடாக நின்றது. லாபக் கணக்கு எழுத 1950 வாக்கில்தான் முடிந்தது.

பார்வையாளர் வாசல் மேற்கு 34-ஆவது தெருவில். ஃபிஃப்த் அவென்யூ வாசல் அலுவலகக்காரர்களுக்கு. படங்களில் வரும் பளிங்கு மண்டபம் அந்தப் பக்கம்தான், டிக்கெட் வழி அதைத் தொடாது. இது ஒரு குறை. நேரம் குறித்த டிக்கெட். சூரியன் மறையும் வேளைக்குத் தனிக் கட்டணம், நெரிசலும் அப்போதுதான். காலையில் திறந்தவுடன் போனால் சுளுவாக ஏறிவிடலாம். மேகம் இறங்கிய நாளில் மேலே வெள்ளையைத் தவிர எதுவும் தெரியாது, ஆகவே வானத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டாம் மாடிக் கண்காட்சியில், ‘கிங் காங்’ படத்தில் இந்தக் கட்டடத்தில் ஏறும் ராட்சதக் குரங்கின் கைக்கு நடுவே நின்று படமெடுக்கத்தான் கூட்டம் அடித்துக்கொள்ளும். நின்று பார்க்க வேண்டியது கட்டுமானப் பகுதி. 1930 மார்ச் 17-ல் வேலை தொடங்கி 410 நாளில் முடிந்தது, சராசரியாக வாரத்துக்கு நாலரை மாடி. அவசரத்துக்குக் காரணம் உண்டு. அன்றைய நியூயார்க்கில் அலுவலகக் குத்தகைகள் மே 1-ல்தான் தொடங்கும். அந்தத் தேதி தவறினால் ஒரு வருட வாடகை போச்சு. மெட்ரோபாலிடன் லைஃப் என்ற காப்பீட்டு நிறுவனம் கொடுத்த 2.75 கோடி டாலர் கடனுக்கு வட்டி வேறு ஏறிக்கொண்டிருந்தது. ஆகவே ஒப்பந்தக்காரர்களான ஸ்டாரெட் பிரதர்ஸ் அண்ட் ஈக்கன் தெருவில் எதையும் குவித்து வைக்கவில்லை. லாரியில் வந்த செங்கல் நேரே அடித்தளத் தொட்டிக்குள் சரியும், அங்கிருந்து தள்ளுவண்டியில் ஏறி மேலே போகும், மாடியில் போட்ட குட்டித் தண்டவாளத்தில் உருண்டு கொத்தனார் பக்கத்தில் நிற்கும். இப்படி ஏறியவை சுமார் ஒரு கோடிச் செங்கல். சாப்பாட்டுக்கு இறங்கி ஏறும் நேரத்தை மிச்சப்படுத்த மாடிகளிலேயே உணவுக்கூடம் வைத்தார்கள். ஐந்து கோடி டாலர் ஆகும் என்று போட்ட கணக்கு, நிலத்தையும் சேர்த்துச் சுமார் 4.1 கோடியில் முடிந்தது. கூலியையும் சரக்கு விலையையும் இறக்கிவிட்ட அதே மந்தம்தான் வாடகைக்கு வரவேண்டியவர்களையும் இல்லாமல் செய்தது.

ஏறுமுன் எதிர் நடைபாதையில் நின்று சுவரைக் கொஞ்சம் கவனியுங்கள். ஜன்னல்களின் இரு பக்கமும் கீழிருந்து மேல்வரை ஓடும் பளபளப்பான எஃகுப் பட்டை வெறும் அலங்காரமில்லை. கல்லும் ஜன்னலும் சேரும் விளிம்பை அது மூடிவிடுவதால், சுண்ணாம்புக்கல்லின் ஓரத்தை இழைத்துப் பொருத்தும் வேலையே தேவைப்படவில்லை. ஜன்னலுக்குக் கீழே அலுமினியப் பலகை, அதற்குப் பின்னால் செங்கல். வேகத்தின் ரகசியத்தில் பாதி இங்கே இருக்கிறது, ஏனோ எந்த வழிகாட்டியும் இதைச் சொல்வதில்லை.

மேலே போக 80-ஆம் மாடியில் லிஃப்ட் மாற வேண்டும். அங்கே வரிசை நீண்டிருந்து படி திறந்திருந்தால் மிச்ச ஆறு மாடியை நடந்தே ஏறிவிடலாம். 86-ஆம் மாடி திறந்தவெளி, 320 மீட்டர் உயரம், காற்று பலமாக அடிக்கும், கோடையிலும் மேல்சட்டை எடுத்துக்கொள்வது நல்லது. கம்பி வேலியின் இடைவெளியில் செல்பேசி நுழையும், பெரிய லென்ஸ் சிரமம். 102-ஆம் மாடிக்குத் தனிக் காசு. 2019-ல் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி போட்டுப் புதுப்பித்திருக்கிறார்கள். ஆனாலும் இடம் குறுகல், கண்ணாடியில் நம் நிழலே படத்தில் விழும். ஆகாயக் கப்பலைக் கட்டிவைக்கலாம் என்று எழுப்பிய கம்பத்தின் உச்சி அது. காற்றின் சுழற்சியில் அந்தத் திட்டம் செல்லுபடியாகவில்லை. குளிர் தாங்காதவர்களுக்கு மட்டும் 102. மற்றவர்களுக்கு 86 போதும்.

ராக்கஃபெல்லர் சென்டரின் கதை வேறு. எண்ணெய்க் கோடீஸ்வரரின் மகன் ஜான் டி. ராக்கஃபெல்லர் ஜூனியர் கொலம்பியா பல்கலைக்கழகத்திடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தது, மெட்ரோபாலிடன் ஓப்பரா என்ற இசைநாடக நிறுவனத்துக்கு நடுவில் ஓர் அரங்கம் கட்டும் எண்ணத்தில். 1929 பங்குச்சந்தைச் சரிவுக்குப் பின் ஓப்பரா விலகிக்கொண்டது. குத்தகைப் பணம் மட்டும் விடாமல் கட்டியாக வேண்டியிருந்தது. ஆர்சிஏ வானொலி நிறுவனத்தை முதன்மை வாடகைதாரராகப் பிடித்து, அலுவலகம், கடை, அரங்கம், சுரங்கப்பாதை என்று கலந்து கட்டினார்கள். இதன் பார்வைமாடம் ‘டாப் ஆஃப் தி ராக்’ 67, 69, 70-ஆம் மாடிகளில். 70-ல் கண் மட்டத்தில் கம்பியும் இல்லை, கண்ணாடியும் இல்லை. வடக்கே சென்ட்ரல் பார்க், தெற்கே எம்பயர் ஸ்டேட் முழுசாகத் தெரியும். படமெடுக்க இதுதான் இடம்.

69-ல் ‘தி பீம்’ என்று ஒரு கூடுதல் சவாரி. 1932 செப்டம்பரில், இந்தக் கட்டடம் எழும்போது, அந்தரத்தில் நீண்ட எஃகு உத்தரத்தில் உட்கார்ந்து தொழிலாளர்கள் சாப்பிடுவதாக எடுத்த படத்தை நடித்துக் காட்டலாம். அந்தப் படமே கட்டடத்தை விளம்பரப்படுத்த எடுத்ததுதான், ஆகவே விளம்பரத்துக்கு விளம்பரம். இதற்கென்று தனியாகக் காசு கொடுப்பது வீண்.

கீழே பள்ளமான சதுக்கத்துக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் அதையும் பாருங்கள். முதலில் அங்கே கடைகள்தான் வைத்தார்கள், ஓடவில்லை. சாமான் வாங்க வருகிறவர் தெரு மட்டத்தைவிட்டுப் படியிறங்க மாட்டார், இறங்கினால் ஏறவும் வேண்டுமே. 1936 குளிர்காலத்தில் பனிச்சறுக்குத் தளம் போட்டுப் பார்த்தார்கள். பள்ளம் அதற்குப் பொருத்தமாக அமைந்தது, மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து இலவசமாக வேடிக்கை பார்க்கவும் ஆள் சேர்ந்தது. சறுக்குத் தளம் இன்றும் ஒவ்வொரு குளிர்காலமும் போடுகிறார்கள்; டிசம்பரில் போனால் அந்தக் கைப்பிடிச் சுவரருகே இடம் கிடைப்பதே கஷ்டம்.